செல்லையாவின் பாதி

"செல்லையாவை இன்னைக்கே அனுப்பிடுங்க, மேடம். இல்லேன்னா நான் போறேன்," என்றார் ஞானசிகாமணி.

மரகதவல்லி நிமிர்ந்து பார்த்தாள்.

ஆசிரியை அவள், மாணவர் அவர். வயதில் அவர்தான் மூத்தவர். கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றபின், கண்ணுக்குத் தெரியாத இயந்திரங்களைக் கட்டக் கற்க வேண்டும் என்று அவளுடைய ஆய்வுக்கூடத்தில் வந்து சேர்ந்தவர்.

வந்ததிலிருந்து ஒரே ஓர் இயந்திரத்தைத்தான் கட்டினார். ஆர்.என்.ஏ. இழையை மடித்து ஒரு பெட்டி. அதற்குப் புரதத்தில் ஒரு பூட்டு. நோயுற்ற செல்லைக் கண்டால் மட்டும் பூட்டுத் திறந்து மருந்து வெளியே வரும். பெட்டி முழுதாக இருக்கும்வரை நீல விளக்கின் கீழ் பச்சையாக ஒளிரும். சிதைந்தால் அணைந்துவிடும்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கட்டியவரிடம் மட்டும் ஒளிர்ந்தால் அதை இயந்திரம் என்று சொல்ல மாட்டார்கள். பெட்டிகள் கோடிக்கணக்கில் மிதக்கும் குழாய்க் கரைசலில் ஒரு பாதியை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும். அவரிடமும் ஒளிர வேண்டும்.

ஞானசிகாமணியின் பாதி வாரக்கணக்கில் ஒளிர்ந்தது.

அங்கே கூடப் படிக்கும் இளைஞன் செல்லையாவுக்குக் கொடுத்த பாதி ஐந்து முறையும் அணைந்தது.

அதற்குமேல் அவரால் பொறுக்க முடியவில்லை. செல்லையா நேரத்துக்கு வருவதில்லை, வேலை செய்யும்போது சினிமாப் பாட்டு முனகுகிறான், கேட்டால் சிரிக்கிறான் என்று ஒன்றுவிடாமல் சொன்னார்.

"வெறுங்கையால தொடுறான், மேடம். வேர்வை லேசாப் பட்டாலே ஆர்.என்.ஏ. இழை துண்டு துண்டாப் போயிடும்னு பால்வாடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

செல்லையா வாசலோரம் நின்றிருந்தான். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கெடுத்தவன் என்ற பெயரோடு வெளியே போனால் வேறெந்தக் கூடமும் அவனைச் சேர்க்காது.

"கையுறை இல்லாம நான் ஒரு குழாயையும் தொட்டதில்லை, மேடம்," என்றான்.

"அப்ப தெரிஞ்சேதான் கெடுத்திருக்கே."

மரகதவல்லி எழுந்தாள்.

"செல்லையா, கையைப் பின்னால கட்டிக்கிட்டு அங்கேயே நில்லு. சார், எனக்கு ஒரு பாதி கொடுங்க."

ஞானசிகாமணிக்கு முகம் சிவந்தது. தப்பு செய்தவன் அங்கே சும்மா நிற்கிறான், பறிகொடுத்தவனுக்குப் பரீட்சையா? நாற்பது வருஷம் பரீட்சை வைத்தவனுக்கா?

ஆனாலும் மேசைக்குப் போனார். புதுக் கையுறைகளை எடுத்து மாட்டினார். வாய் மட்டும் ஓயவில்லை. இங்கே நல்லவனும் பொல்லாதவனும் ஒரே தட்டில்தான் என்றார். கோபத்தில் வேர்த்த கழுத்தை விரல்களால் வழித்துவிட்டார். மூக்கில் வழுக்கிய கண்ணாடியை மேலே தள்ளினார். புதுக் குழாய்கள் இருந்த பையைக் கவிழ்க்காமல், அந்த விரலையே ஒரு குழாயின் வாய்க்குள் நுழைத்துத் தூக்கி எடுத்தார். தன் குழாயிலிருந்து பாதியைத் துளி சிந்தாமல் அதில் மாற்றினார். மூடி நீட்டினார்.

அவள் இரண்டு குழாய்களையும் நீல விளக்கின் கீழ் அருகருகே நிறுத்தினாள்.

இரண்டும் பச்சையாக ஒளிர்ந்தன.

"பாத்தீங்களா. அவன் கை படலை. ஒளிருது."

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது அவரை இன்னும் உசுப்பிவிட்டது. படித்துப் படித்துச் சொன்னேன், யார் கேட்டீர்கள் என்றார். அவனை வைத்துக்கொண்டு இந்தக் கூடம் உருப்படாது என்றார். இத்தனை மாத உழைப்புக்கு யார் பதில் சொல்வது என்று கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் நிறுத்தினார்.

அவளுக்குக் கொடுத்த பாதி மங்கிக்கொண்டிருந்தது.

அவருடைய பாதி அப்படியே இருந்தது.

சற்று நேரத்தில் அவளுடைய குழாய் முழுதாக அணைந்தது.

ஞானசிகாமணி திரும்பிப் பார்த்தார். செல்லையாவின் கைகள் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தன.

கண்ணாடி மறுபடி வழுக்கியது. அதைத் தள்ள உயர்ந்த விரல் பாதியில் நின்றது.

அவர் அந்த விரலைப் பார்த்தார். பிறகு புதுக் குழாய்கள் இருந்த பையைப் பார்த்தார்.

"நான் போறேன், மேடம்," என்றார்.

"முதல்ல கையுறையை மாத்துங்க," என்றாள் மரகதவல்லி. "செல்லையாவுக்குப் பாதி கொடுக்கணும்."