ஏழாம் படத்தைக் காண்க

பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, ஐந்தாம் வகுப்புக் கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள் பள்ளிக்கூடத்து ஆயா புஷ்பம். ஹெட்மாஸ்டர் தாமோதரன் கையில் ஒரு காகிதத்தோடு உள்ளே வந்தார்.

"உன் மக அறிவியல்ல பெயில். ஞாபகசக்தியே இல்லாத பிள்ளை. இந்தா, டி.சி. ரெடி. இல்லேன்னா தர்ஷினி மாதிரி நிறுத்தாம ஒப்பிக்கணும், இன்னைக்கே!"

"எப்படின்னு ஒருதடவை கேட்டுக்கிறேன் சார்."

பெருமையோடு தலையசைத்தார். முதல் மார்க் தர்ஷினி கைகட்டி நின்று, செரிமானப் பாடத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். "...உணவு சிறுகுடலை அடைகிறது. ஏழாம் படத்தைக் காண்க. அங்கு..."

"பாப்பா, அந்தப் படத்துல என்ன இருக்கு?" என்றாள் புஷ்பம்.

தர்ஷினி விழித்தாள். முதலிலிருந்து ஆரம்பித்து, அதே இடத்தில் வந்து நின்றாள். நாற்பது பிள்ளைகளும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கடைசி பெஞ்சிலிருந்து புஷ்பத்தின் மகள் ஜெனிலா மெல்ல எழுந்தாள். "குடல் சார். தண்ணி ஓஸ் பைப் மாதிரி சுருண்டு கிடக்கும். பரிட்சையிலகூட வரைஞ்சேனே."

"படத்துக்கு மார்க் கிடையாது, உட்காரு!" முகம் சிவக்க, டி.சி.யில் கையெழுத்தைப் போட்டு நீட்டினார் ஹெட்மாஸ்டர்.

புஷ்பம் ஈரத்துணியை மேசையில் வைத்தாள். "சார், இத்தனை பிள்ளைங்கள்ல பாடத்தை ஞாபகம் வச்சிருக்கிறவ இவ ஒருத்திதான். இவளைப்போய்..."

வாசலில் ஒரு டீச்சர் தலையை நீட்டினார். "ஆயா! ரெண்டாம் வகுப்புல கேள்வித்தாளைப் பார்த்ததும் ஒரு பிள்ளை வாந்தி எடுத்திருச்சு, வாளியோட ஓடி வாங்க!"