ஒன்பதாவது குழியின் நோய்

“அம்மா, இன்னிக்குப் புல்லுல இன்னும் நாலு திட்டு வந்திருக்கு” என்றான் குலசேகரன்.

மல்லம்மா மணல் சலித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

மலைமேல் இருக்கும் அந்த கோல்ஃப் மைதானத்துக்குக் குலசேகரன் மேற்பார்வையாளராக வந்து ஒன்றரை மாதம். வெயில் ஊரில் இருபது வருஷம் மைதானம் பார்த்தவன். மல்லம்மா அவனைவிடப் பத்து வயது இளையவர், அவனுக்குக் கீழே வேலை செய்பவர். ஆனாலும் மலைப்புல் விஷயத்தில் அவர்தான் அவனுக்குக் குரு. அதை ஒப்புக்கொள்ள அவன் வெட்கப்பட்டதில்லை.

பங்குனி பிறந்தால் சீசன். முதல் போட்டிக்கு இன்னும் இருபது நாள்தான். கொடி நட்ட குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையை கிரீன் என்பார்கள். மற்ற கிரீன் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒன்பதாவதில் மட்டும், சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில் பழுப்புத் திட்டுகள்.

போன வருஷம் இதே கிரீன் கருகியது. அப்போதிருந்த மேற்பார்வையாளரை கிளப் செயலாளர் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். குலசேகரனோ திருச்சி வீட்டைக் காலி செய்துவிட்டு, குடும்பத்தோடு வந்திருக்கிறான். மகளை இங்கேயே பள்ளியில் சேர்த்தாயிற்று.

“அது பரவுற விதமே சரியில்லம்மா. ஓரத்துல ஆரம்பிச்சு, ஒவ்வொண்ணா கொடியைப் பாத்துப் போகுது. ஏதோ உள்ள நடந்து வர்ற மாதிரி இருக்கு.”

“ம்.”

“காட்டெருமையா?”

“எருமை மிதிச்சா குழி விழுமுங்க.”

“பூஞ்சையா?”

“அது வட்டமா வரும்.”

அவன் கையிலிருந்த டப்பாவை நீட்டினான்.

“கடுமையான மருந்து. ஒண்ணு நோய் நிக்கும், இல்ல புல்லே போயிடும்னு கடைக்காரர் சொன்னார். அடிச்சிரட்டுமா?”

மல்லம்மா சல்லடையைக் கீழே வைத்தார்.

“காலைல எத்தனை மணிக்குப் பாத்தீங்க?”

“ஆறு.”

“நேத்து?”

“அஞ்சரை. தூக்கமே வரலம்மா.”

“வாங்க போலாம்.”

ஒன்பதாவது கிரீனில் வெயில் ஏறியிருந்தது. வேலியோர நிழலில் மட்டும் உறைபனி, உப்புத் தூவினாற்போல வெளுத்துக் கிடந்தது. குலசேகரன் திட்டுகளை மறுபடி பார்த்தான். காலையில் பார்த்ததைவிட அதிகமாக இருப்பதாகத் தோன்றியது.

“பூட்ஸைக் கழட்டுங்க” என்றார் மல்லம்மா.

வலது கால் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தான்.

அவர் அதை முதல் திட்டின்மேல் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

இரண்டாவதில் பொருந்தவில்லை. மூன்றாவதில் பொருந்தியது.

“இன்னொண்ணு.”

இடது பூட்ஸைக் கழற்றினான். அது இரண்டாவதில் பொருந்தியது. நான்காவதிலும்.

அவர் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே கொடிவரை போனார். அங்கிருந்து திரும்பியும் வந்தார்.

குலசேகரன் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

“உறைபனி பிடிச்ச புல்லு கண்ணாடிங்க. மிதிச்சா உள்ளுக்குள்ள உடையும். வெளிய தெரிய ரெண்டு நாள் ஆகும்.”

“ஏம்மா முன்னாடியே சொல்லல?”

“வெயில் ஏறாம இங்க யாரும் வரமாட்டாங்களே.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவமானம் ஒரு பக்கம். பயம் அப்போதும் போகவில்லை.

“முதல் நாள் எதுக்கு வந்தீங்க?” என்று கேட்டார் மல்லம்மா.

“நோய் வந்திருக்குமோன்னு பாக்க.”

“வந்திருந்துதா?”

அவன் திட்டுகளைக் கொடிவரை ஒருமுறை பார்த்தான்.

“இல்ல. பச்சைப்பசேல்னு இருந்துது.”

மல்லம்மா மருந்து டப்பாவை வாங்கித் தன் கூடைக்குள் போட்டார்.

“இது பிழைக்குமாம்மா?”

“வேர் உயிரோட இருக்குங்க. விட்டா தானா வந்துரும்.”

“இருபது நாள்ல?”

“விட்டா வரும்.”

குலசேகரனுக்கு மூச்சு வந்தது. வெறுங்காலோடு எழுந்து நின்றான். வேலியோரம் வெளுத்துக் கிடந்த பனியை ஒரு தடவை பார்த்தான்.

“அப்ப நாளைக்குக் காலைல ஒரே ஒரு தடவை வந்து, வருதான்னு மட்டும் பாத்துட்டு...”

மல்லம்மா இரண்டு பூட்ஸையும் எடுத்துக் கூடையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

“அம்மா, என் பூட்ஸ்!”

“பங்குனில வந்து வாங்கிக்கங்க.”