ஒன்பது திரையில் ஒரு வடம்

திருவேங்கை பேருந்து நிலையத்தில் ஒன்பது திரைகளை அடுக்கி ஒரே சுவராக்கி வைத்திருந்தார்கள். அந்தச் சுவரில் ஒருநாள் மழையைக் காட்டியபோது, கீழே பஸ்ஸுக்கு நின்ற சனம் குடையை விரித்ததாம். சந்தேகம் இருந்தால் குடைகளைத்தான் விசாரிக்க வேண்டும்.

சுவருக்குப் படம் செய்கிறவள் எஸ்தர் ராணி. முப்பது வயதைத் தாண்டி அதிக நாளாகவில்லை. அவளிடம் தொழில் படிக்க வந்த சீடர் மாசிலாமணிக்கோ ஐம்பது கடந்துவிட்டது. அதுவரை கல்யாண வீடியோ எடுத்தவர். அவள் அவரை 'அண்ணே' என்பாள். அவர் அவளை 'வாத்தியாரம்மா' என்பார்.

அன்று சாயங்காலம் தேர்த் திருவிழாப் படத்தைச் சுவரில் திறந்துவைக்க ஏற்பாடு. மாசிலாமணி தனியாகச் செய்த முதல் படம். மத்தியானம் ஓட்டிப் பார்த்தபோது, விழாக் கமிட்டிச் செயலாளர் நெஞ்சில் கைவைத்தார்.

"என்னய்யா இது, வடம் அறுந்து கிடக்கு?"

உண்மைதான். சாய்வாகப் போகிற தேர்வடம் ஒவ்வொரு திரையின் விளிம்பிலும் ஒடிந்து, படிக்கட்டுப்போல ஏறியிருந்தது.

"சாயங்காலத்துக்குள்ள சேருங்க. இல்லாட்டி ஜவுளிக்கடை விளம்பரத்தை ஓட விட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாசிலாமணி சிமெண்டு பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தார். செய்வதும் அழிப்பதுமாக அவருடைய தூக்கத்தை எல்லாம் தின்று வளர்ந்த படம் அது. இன்னும் அதற்குப் பசி தீரவில்லை.

எஸ்தர் ராணி பக்கத்தில் வந்து நின்றாள்.

"திரைக்கும் திரைக்கும் நடுவுல ரெண்டு விரல் அகலத்துக்குக் கறுப்புச் சட்டம் இருக்கே. அதுக்குப் பின்னால என்ன வச்சீங்க?"

"ஒண்ணும் வைக்கலை. அங்க வச்சா யார் கண்ணுல படும்? ஒரு துளி வீணாக்காம எல்லாத்தையும் திரைக்குள்ளயே கொண்டுவந்துட்டேன்."

"அதான் ஒடியுது. சட்டத்துக்குப் பின்னாலயும் படம் ஓடணும்ணே. அந்தத் துண்டை யாரும் பார்க்க மாட்டாங்க. ஆனா அது ஓடினாத்தான் அடுத்த திரையில வடம் நேரா வந்து நிக்கும்."

"கல்யாண வீடியோவுல ஒரு சித்தப்பாவை விட்டுட்டு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. அந்தத் தெருவை இன்னிக்கும் சுத்திக்கிட்டுத்தான் போறேன்."

"இங்க சித்தப்பா யாரும் இல்லையே."

"அண்ணன் இருக்கார்."

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். தேர் அசைவதற்கு முந்தின கணம். எல்லோரும் நின்ற இடத்திலேயே காலை ஊன்றிச் சாய்ந்து இழுக்கிறார்கள். சட்டத்துக்கு இடம் விட்டால், சரியாக அதன் பின்னால் போய் நிற்கிறவர் அவருடைய அண்ணன் தணிகாசலம். காற்றடித்தால் கொடிமரத்தைக் கட்டிக்கொள்கிற ஆள். ரெண்டு விரல் சட்டம் அவருக்குத் தாராளம்.

"கொஞ்சம் இடப்பக்கம் தள்ளுங்க."

"தள்ளிப் பார்த்துட்டேன். தர்மகர்த்தா காணாமப் போறார்."

"வலப்பக்கம்?"

"செயலாளரே போறார்."

"அப்ப அண்ணன்தான்."

மாசிலாமணி இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வாத்தியாரம்மா, எங்கப்பா காரியத்தன்னிக்கு எங்களுக்குள்ள பேச்சு நின்னது. இன்னும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கு. எதிர்ல வந்தா அவர் வானத்தைப் பார்ப்பார், நான் செருப்பைப் பார்ப்பேன். இப்ப ஊரே வந்து நின்னு பார்க்கப் போகுது. வேணும்னே வெட்டிட்டான்னு நினைக்க மாட்டாரா? அலுத்துப்போச்சும்மா. அந்த ஜவுளிக்கடையே ஓடட்டும். நான் வீட்டுக்குப் போறேன்."

எஸ்தர் ராணி குனிந்தாள். கீழே கிடந்த கேபிளை எடுத்தாள். ஒரு முனையை அவர் கையில் கொடுத்தாள். மறு முனையோடு தூணுக்குப் பின்னால் போனாள். இழுத்தாள்.

"நான் தெரியறேனா?" தூணுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இல்லை."

"கேபிள்?"

"விறைப்பா இருக்கு."

"ஏன்?"

"நீங்க இழுக்கிறீங்க."

வேறு சீடனாக இருந்தால் இந்த இடத்தில் ஞானம் பெற்று, கையெடுத்துக் கும்பிட்டு, நம் வேலையைச் சுலபமாக்கியிருப்பான். மாசிலாமணி கேபிளை அப்படியே விட்டுவிட்டார். தூணுக்குப் பின்னால் யாரோ தடுமாறும் சத்தம் கேட்டது.

"வடத்துக்கு அது தெரியும் வாத்தியாரம்மா. எங்கண்ணனுக்குத் தெரியாதே. 'ஏண்டா என்னைப் படத்துலேருந்து எடுத்தே'ன்னு நேரா என் முன்னால வந்து நிப்பார்."

எஸ்தர் ராணி முழங்கையைத் தடவிக்கொண்டு வெளியே வந்தாள்.

"வந்து நிப்பாரா?"

"கட்டாயம் நிப்பார்."

"வந்து கேப்பாரா?"

"விடவே மாட்டார். வாய் ஓயாம கேப்பார்."

"வானத்தைப் பார்க்கிற அண்ணனா?"

மாசிலாமணி பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவள் லேப்டாப்பை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"வரட்டும்ணே. ரெண்டு டீ சொல்லி வையுங்க."