மூட்டையின் அடியில்

ஒரு மலை இருந்தது. மலைக்கு மேல் ஒரு மடம் இருந்தது. ரொம்பப் பழைய காலம் என்று நினைத்துவிடாதீர்கள். மின்சாரம் வந்து, மழை பெய்தால் போய்விடுகிற காலம்தான்.

மடத்துக்கு ஒரு அம்மை. வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவரிடம் ஒரு சீடர், நல்லபெருமாள் என்று பேர். அவருக்கோ அறுபது தாண்டிவிட்டது. வேலையில் இருந்தவரை கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை போட்ட அதிகாரி.

மார்கழியில் ஒரு காலை, அவர் ஒரு மூட்டையைத் தரதரவென்று இழுத்து வந்து அம்மையின் முன்னால் போட்டார்.

"அம்மை, இந்த உலகத்துல ஒரு யோக்கியன்கூடக் கிடையாதா?"

அம்மை முறத்தில் பருப்புக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"மூட்டைக்குள்ளயா தேடுறீங்க?" என்றார்.

விஷயம் இதுதான். மடத்தில் சமைக்கிற தங்கபுஷ்பத்துக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. விறகுப் புகை ஆகவே ஆகாது, ஆனால் அறை கதகதப்பாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு பக்தர் இரும்பில் ஒரு கணப்பு அடுப்பு வாங்கிக் கொடுத்தார். அதற்கு விறகு வேண்டாம், பெல்லட் போட வேண்டும். மரத்தூளை இறுக்கி, சுண்டுவிரல் கனத்தில் குட்டிக் குட்டியாக ஒடித்தது போல இருக்குமே, அது. அடுப்பின் தலையில் கொட்டினால் கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்கி, உள்ளே ஒரு கிண்ணத்தில் விழுந்து எரியும். புகை இருக்காது.

அடுப்பும் பெல்லட்டும் நல்லபெருமாளின் பொறுப்பு.

அவர் லேசில் வாங்குகிற ஆளா? ஒரு கடைச் சரக்கை ஒடித்துச் சத்தம் கேட்டார். அடுத்த கடைச் சரக்கைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா முங்குகிறதா என்று பார்த்தார். சலித்துத் தூள் எவ்வளவு என்று பார்த்தார். மோந்துகூடப் பார்த்தார். கடைக்காரர்கள் அவர் வருவதைப் பார்த்தாலே, பொண்ணு பார்க்க வந்துட்டாருப்பா என்று சொல்லிச் சிரிப்பார்களாம்.

அப்படிப் பார்த்து வாங்கியும் என்ன ஆயிற்று என்று அவர் அம்மையிடம் கொட்டித் தீர்த்தார். முதல் கடையின் பெல்லட் ஆரம்பத்தில் தங்கம் போல எரிந்ததாம். ஒரு வாரம் ஆகவில்லை, மங்கிப் புகைந்ததாம். கடையை மாற்றினார். அடுத்தவன் சரக்கும் அதே கதை. மறுபடியும் மாற்றினார். இப்போது மூன்றாவது, இருதயராஜின் கடை. அதுவும் அதேதான்.

"என்ன தந்திரம் தெரியுமா அம்மை? மூட்டை வாயில நல்ல சரக்கு. அடியில குப்பை. வாங்குறவன் வாயைத்தானே அவுத்துப் பார்ப்பான்? ஆரம்பத்துல நல்லவன் மாதிரி காட்டி அப்புறம் கழுத்தை அறுக்கிறது. கடைக்காரன் மட்டுமா, மனுசனே அப்படித்தான் ஆயிட்டான்."

உள் அறையில் தங்கபுஷ்பம் இருமினாள்.

"கேளுங்க, அந்த இருமலைக் கேளுங்க. ஒரு நோயாளி குளிருல கிடந்து சாகட்டும், எனக்குக் காசு வந்தாச் சரின்னு நினைக்கிறான் பாருங்க, அவனை மனுசன்னு சொல்ல முடியுமா?"

சும்மா விடவில்லை என்றும் சொன்னார். நேற்றுச் சந்தை நாள். டீக்கடை வாசலில் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி இருதயராஜின் கதையைச் சொல்லிவிட்டாராம். பள்ளிக்கூட விடுதிக்காரர் இருந்தார், லாட்ஜ்காரர் இருந்தார். எல்லாரும் கேட்டார்கள்.

அம்மை ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தார்.

"இப்ப அடுப்பு எரியுதா?"

"குப்பை எப்படி எரியும்?"

அந்நேரம் வாசலில் ஆள் அரவம். யாரென்று பார்த்தால் இருதயராஜேதான். மேடு ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. அத்தனை கோபத்திலும் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

வந்தவர் நல்லபெருமாளைப் பார்க்கவில்லை. அம்மையைப் பார்த்துத்தான் பேசினார். விடுதிக்குப் போன மூட்டைகள் காலையில் கடைக்கே திரும்பி வந்துவிட்டனவாம். லாட்ஜ் வாசலில் அவர் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அதுகூடப் பரவாயில்லை, விடியற்காலைப் பூசைக்கு மாதா கோயிலுக்குப் போனால், பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாராம்.

"திருடனுக்குப் பக்கத்துல முழங்கால் போட அவருக்கு மனசு வரலையாம்மா. நான் என்ன திருடினேன்? ஆபீசரைச் சொல்லச் சொல்லுங்க."

"சொல்றதென்ன, காட்டுறேன் வாய்யா" என்றார் நல்லபெருமாள்.

மூட்டையோடு மூவரும் தங்கபுஷ்பத்தின் அறைக்குப் போனார்கள். அவள் கட்டிலில் இரண்டு போர்வைக்குள் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாள்.

நல்லபெருமாள் மூட்டையின் அடிக்குக் கையை விட்டு இரண்டு கை அள்ளினார். இருதயராஜின் மூக்குக்கு நேரே காட்டினார். அடுப்பில் போட்டார். பற்றவைத்தார்.

ஒரு சின்னச் சுடர் வந்தது. சுருண்டது. அப்புறம் புகை.

தங்கபுஷ்பம் போர்வைக்குள்ளேயே இருமினாள்.

"பார்த்தியா? பார்த்தியாய்யா? இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உனக்கு?"

இருதயராஜ் மூட்டையிலிருந்து ஒன்றை எடுத்து ஒடித்தார். டக்கென்று ஒடிந்தது. உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"என் சரக்குதாம்மா. நல்ல மரந்தான். ஏன் இப்படிப் புகையுதுன்னு எனக்குத் தெரியலையே" என்றார்.

அம்மை ஜன்னலைத் திறந்துவிட்டார். புகை போகட்டும் என்று நின்றார். பிறகு கேட்டார்.

"புது மூட்டை வந்தா முதல்ல என்ன செய்வீங்க?"

நல்லபெருமாள் நிமிர்ந்து நின்றார். இந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது.

"கிண்ணத்தை வெளியில எடுத்து, சுரண்டி, துடைச்சு வைப்பேன். முன்னவன் சாம்பல் பின்னவன் தலையில விழக்கூடாது பாருங்க. ஒருத்தனைச் சோதிக்கிறோம்னா அதுல நியாயம் இருக்கணும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அம்மை? மூட்டை தீர்ற வரைக்கும் கிண்ணத்தைத் தொட மாட்டேன். சரக்குதான் பேசணும்."

அம்மை இடுக்கியை எடுத்தார். புகைந்துகொண்டிருந்த கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனார். படிக்கட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

சாம்பல் கட்டியாக விழுந்தது. தோசைக்கல்லில் தீய்ந்து பிடித்ததைப் பெயர்த்தது போல, கிண்ணத்தின் வடிவத்திலேயே விழுந்தது.

கிண்ணத்தின் அடியில் காற்று வருவதற்கு வைத்த ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. அம்மை கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்தபோது அவற்றின் வழியாக வானம் தெரிந்தது.



அம்மை உள்ளே வந்து கிண்ணத்தை வைத்தார். அதே மூட்டையின் அடியில் கையை விட்டு அள்ளிப் போட்டார். பற்றவைத்தார்.

நெருப்பு எழுந்து நின்றது. புகையே இல்லை.

கொஞ்ச நேரம் போயிற்று. தங்கபுஷ்பம் முகத்திலிருந்து போர்வையை விலக்கி, இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"புது மூட்டை வந்துடுச்சா?" என்று கேட்டாள்.

நல்லபெருமாள் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த சந்தை அன்றைக்கு டீக்கடைக்குப் போய் எல்லாரிடமும் எடுத்துச் சொல்லிவிடுவதாக முணுமுணுத்தார்.

அம்மை குரலை உயர்த்தி அந்த மடத்தில் யாரும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டார்கள்.

"திருடன்னு சொல்றதுக்கு அடுத்த சந்தை வரைக்கும் காத்திருந்தீங்களா?"

இருதயராஜ் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். அவருக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் போகும்போது ஒன்று சொன்னார்.

"எனக்கு முன்னாடி அந்த ரெண்டு கடைக்காரங்களையும் இவர் திருடன்னு சொன்னப்ப, நான் சிரிச்சேன்மா. என் கடைக்கு ஆள் கூடுச்சு. வாயை மூடிக்கிட்டு வித்தேன்."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

நல்லபெருமாள் முற்றத்துக்கு வந்தார். குனிந்து, உடையாமல் ஆறிக் கிடந்த சாம்பல் கட்டியை எடுத்து, தோளில் கிடந்த துண்டில் முடிந்துகொண்டார். எதற்கு என்று அம்மை பார்த்தார்.

"வாயால சொன்னா நம்ப மாட்டாங்க. முன்னாடி தப்பாச் சொன்னதும் இதே வாய்தானே."

தூறல் விழுந்தது. குடையை எடுத்தார். வெளிக்கதவு வரை போனவர் நின்றார். அங்கேயே நின்றார். குடையை விரிக்கவும் இல்லை.

"திரும்பி வர நாளாகும், அம்மை."

"சந்தை கீழேதானே இருக்கு?"

"சந்தை கீழேதான். மூணு கடையும் ஒரே தெருதான்." அவர் துண்டின் முடிச்சைத் தடவிக்கொண்டார். "உங்களுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு குரு இருந்தாங்க. ஒருத்தர் சேலத்துல, இன்னொருத்தர் சங்கரன்கோயில் பக்கம். ஆரம்பத்துல நல்லாத்தான் இருந்தாங்க, போகப் போகச் சரக்கு இல்லை, போலின்னு பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் சொல்லியிருக்கேன்."



அவர் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.