வெட்டுக்கிளி விட்டுப்போன கால்

அந்தக் காலத்தில், ஆளும் பூச்சியும் ஒரே பேச்சு பேசிக்கொண்டிருந்தபோது, வெட்டுக்கிளிக்கு ஆளைக் கண்டு ஒளியவே தெரியாது. சாண் நீள உடம்பு, பின்னங்காலில் ரம்பப்பல், விரித்தால் ரத்தச் சிவப்பில் இறக்கை. எந்தக் காட்டில் நின்றாலும் இன்னார் என்று தெரிந்துவிடும். கூப்பிட்டால் "என்னக்கா?" என்று தாவி வந்து நிற்பான்.

தினைக்காட்டில் காவலிருந்த மாராயிக்கு அவன்தான் பேச்சுத்துணை. கூடப்பிறந்தவன் இல்லாத குறையே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

ஒருநாள் உச்சிவெயிலில் வல்லூறு ஒன்று வட்டமிட்டது. அதைக் கண்ட வெட்டுக்கிளி புதர்ப்பக்கம் கிளம்பினான். மாராயி மேலே பார்க்கவில்லை. வாய் சும்மா இருக்குமா?

"எங்கே தம்பி போறே?"

கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கிளம்புகிறவனைப் பின்னாலிருந்து 'எங்கே' என்று கேட்கலாமா? போகிற காரியம் உருப்படுமா? கேட்டுவிட்டால் ஆளை உட்காரவைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்பவேண்டும். அதுதானே முறை!

"என் வாயில மண்ணு விழ! இரு தம்பி, தண்ணி குடிச்சிட்டுப் போ!" என்று எட்டி அவன் பின்னங்காலைப் பிடித்தாள்.

"விடுக்கா! மேலே பாரு!"

"நல்லதுக்குத்தான்டா சொல்றேன். அப்படியே போனா ஆபத்து வரும்."

"ஆபத்து வந்தாச்சுக்கா!"

நிமிர்ந்தாள். விரிந்த நகங்கள் முகத்துக்கு நேரே இறங்கிக்கொண்டிருந்தன. ஐயையோ! விடத்தான் நினைத்தாள், பயத்தில் விரல் பிரியவில்லை.

படக்கென்று ஒரு சத்தம். இறக்கைச் சிவப்பு ஒருமுறை பளிச்சிட்டது, புல்லுக்குள் விழுந்து அணைந்தது. வல்லூறு வெறும் மண்ணை வாரிக்கொண்டு போனது.

மாராயியின் கையில் கால் மட்டும் உதைத்துக்கொண்டிருந்தது. அவளுக்கு உதறிப்போட மனசில்லை, வைத்திருக்கத் தைரியமில்லை.

"தம்பி! உசிரோட இருக்கியாடா?"

ஒரு தண்டு அசைந்தது. அவள் அந்தப் பக்கம் போனால் அவன் இந்தப் பக்கம் நகர்ந்தான்.

"இருக்கேன். கிட்ட வராதேக்கா."

"நான் உன்னைக் கொல்லவாடா பிடிச்சேன்?"

"இல்லைக்கா. பாசத்திலதான் பிடிச்சே. அதுக்கே இப்படி."

அதற்குமேல் எவ்வளவு அழைத்தும் அவன் பேசவில்லை. மாராயி அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அன்று முதல்தான், ஆள் அரவம் கேட்டால் வெட்டுக்கிளி தண்டின் மறுபக்கம் நகர்ந்துகொள்கிறது. பிடித்துவிட்டாலோ, பிடித்தது பகையா பாசமா என்று பார்த்துக்கொண்டு நிற்பதில்லை, காலை விட்டுவிட்டுப் போய்விடுகிறது.