சமாதானம் செய்து வைத்தவர்

"நான் நியாயமாத்தான் செஞ்சேன் சாமி. அப்புறம் ஏன் அந்தப் பையன் பேச மாட்டேங்கிறான்?"

வந்ததும் வராததுமாக வைரவேலு இதைத்தான் கேட்டார். ஊர் நடுநிலைப் பள்ளிக்கு அவர் தலைமையாசிரியர். அமாவாசை தவறாமல் இந்த முனியப்பன் கோயிலுக்கு வந்து, பூசாரி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்.

பூசாரிக்கு இவரைவிட வயது குறைவு. மஞ்சள் துணியால் வாயைக் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். அதனால் வாய்கட்டிச் சாமி என்று பெயர். கட்டை அவிழ்த்த பிறகும் பெரிதாகப் பேசிவிட மாட்டார்.

"எந்தப் பையன்?"

"பரிதின்னு, ஏழாங்கிளாஸ். பேச்சு கொஞ்சம் திக்கும். கூடப் படிக்கிற அஸ்வந்த் அதையே சொல்லிக் காட்டி அழ வெச்சிருக்கான். சோத்துல மண்ணள்ளிப் போட்டிருக்கான். ரொம்ப நாளா நடந்திருக்கு. எனக்குத் தெரியாமப் போச்சு."

"தெரிஞ்சதும்?"

"சும்மா விட்டேனா? மறுநாளே பிரேயர்ல ரெண்டு பேரையும் மேடையில முட்டி போட வெச்சேன்."

"பரிதியையுமா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி செஞ்சாத்தானே சாமி பொதுவா இருக்கும்? நாளைக்கு ஒருத்தன் நம்மளைக் குறை சொல்லிடக் கூடாதில்ல?"

சாமி விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார்.

"அப்புறம் கைகுலுக்கச் சொன்னேன். விரலை நீட்டிப் பழம் விட வெச்சேன். அஸ்வந்த் டக்குன்னு சாரி கேட்டுட்டான். அந்த விஷயத்துல நல்ல பையன். இவன் மைக்குல 'மன்னிச்சுட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதான்."

"சொன்னானா?"

வைரவேலு தொண்டையைச் செருமி, வழக்கம் போல வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"மன்... மன்...னு அங்கேயே நின்னுட்டான். பிள்ளைங்க சிரிச்சிருச்சுங்க. நான் ஓங்கி ஒரு அதட்டுப் போட்டேன்."

"யாரை?"

"பரிதியைத்தான். சீக்கிரம் சொல்லுடா, பெல் அடிக்கப் போறாங்கன்னு."

சொல்லிவிட்டு, சாமியின் முகத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் தெரியவில்லை. இவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. நியாயவான் அல்லவா!

"அன்னைக்கு மூடின வாய்தான் சாமி. பள்ளிக்கூடம் வர்றதில்லை. நானும் எத்தனையோ தடவை வீட்டுக்குப் போயிட்டேன். வாசல்ல நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டா, ஓடிப் போய்க் கட்டிலுக்கு அடியில படுத்துக்கறான். அவங்கம்மா மில்லு வேலை முடிஞ்சு வர்றப்போ சுவத்தைப் பார்த்து உக்காந்திருக்கானாம். பேச்சே போயிருச்சு சார்னு அந்தம்மா அழுவுது. எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. அவன் பேசினாப் போதும். நான் என்ன செய்யணும்?"

சாமி எழுந்தார். சூலத்தில் காய்ந்துகொண்டிருந்த மஞ்சள் துணியை எடுத்தார். வைரவேலுவின் வாயை மூடிச் சுற்றி, பின்னந்தலையில் இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டார்.

"இப்படியே அவன் வீட்டுக்குப் போங்க வாத்தியாரே. அவன் பேசினதும் அவிழ்த்துக்கலாம்."

வைரவேலு கண்ணை உருட்டினார். இந்தக் கோலத்திலா, ஊர் நடுவிலா? சாமி அதற்குள் திரும்பி, பூ தொடுக்க உட்கார்ந்துவிட்டார்.

போனார். வேறு வழி?

டீக்கடை பெஞ்சு மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது. சைக்கிளில் போன இரண்டு பையன்கள், "டேய், ஹெச்.எம். வாயைப் பாருடா!" என்று கத்திவிட்டுப் பறந்தார்கள். அவர் பள்ளிப் பையன்கள்தான். செவிட்டில் ஒன்று விட வேண்டும் போல வந்தது. பேர் சொல்லி அதட்டக்கூட முடியவில்லை. காது மடலெல்லாம் எரிய, தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

பரிதி வீட்டு வாசல். பழக்க தோஷத்தில் கூப்பிடப் பார்த்தார். துணிக்குள் வெறும் முனகல்தான் வந்தது.

அதனால் யாரும் ஓடவில்லை. யாரும் ஒளியவில்லை.

வீட்டுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. வைரவேலு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பரிதி!

பேசுகிறான். அடடா, கோர்வையாக, கணீரென்று பேசுகிறான்! வைரவேலுவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. முனியப்பா, நீ இருக்கிறாயப்பா! கை தானாக முடிச்சுக்குப் போனது. போன கையோடு சுவரோரமாக நகர்ந்து, வேலி இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார்.

துணி துவைக்கிற கல்லின் மேல் பரிதி ஏறி நின்றான். கையில் ஒரு குச்சி.

கீழே அவன் தங்கை செம்பா. ஒன்றாம் வகுப்பில் அவளை வைரவேலு தன் கையால்தான் சேர்த்துக்கொண்டார். சரளைக் கல்லில் முட்டி போட்டிருந்தாள்.

"சொல்லுடி! எல்லாரும் வெயில்ல நிக்கிறாங்கல்ல?"

துளிகூடத் திக்கவில்லை.

அஸ்வந்த் மாதிரி பேசி விளையாடுகிறான் போலிருக்கிறது என்று வைரவேலு நினைத்தார். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தார். பரிதி ஒரு தரம் தொண்டையைச் செருமினான். வேட்டி நுனியைப் பிடிப்பது போல நிக்கரைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தினான். அது அஸ்வந்த் இல்லை.

முடிச்சில் இருந்த கை அங்கேயே நின்றுவிட்டது.

"முட்டி வலிக்குதுண்ணா," என்று செம்பா அழுதாள். "என்னை விட்டுருண்ணா."

பரிதி குச்சியால் கல்லில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான்.

"யாருடி அண்ணன்? சார்னு சொல்லு!"