மைனா கொண்டுவந்த இறகுகள்

மழை ஓய்ந்த ஒரு காட்டில், பெரிய மயில்கள் தோகை உதிர்க்கும் சமயம். அங்கே பாறை ஓரமாக ஓர் இளம் மயில் இருந்தது. வயது இரண்டு, தோகை இன்னும் நீளவில்லை. அந்த வயதில் எந்த மயிலுக்குத்தான் நீண்டிருக்கிறது? வயிறாரத் தின்றால் அடுத்த மழைக்கு வளர்ந்துவிடும்.

மயில் மண்ணைக் கிளறும். புழுக்கள் வெளியே வரும். பக்கத்தில் ஒரு மைனா உட்கார்ந்து மிச்சம் மீதியைப் பொறுக்கும். வாய் சும்மா இருக்காது. "கிழக்கே அத்தி பழுத்திருக்கிறது" என்று சொன்னால் மயில் தலையைக்கூடத் தூக்காது. ஒருநாள் எங்கோ உதிர்ந்து கிடந்த நீள இறகு ஒன்றை மைனா கொண்டுவந்து போட்டது. மயில் கிளறுவதை விட்டுவிட்டு அதையே பார்த்தது. அதற்குள் புழுவெல்லாம் மைனாவின் வயிற்றுக்குள் போயிற்று.

விடுமா அந்தக் கள்ளி? மறுநாள் அதைவிட நீளமான இறகு வந்தது.

"யாருடையது இது?" என்று கேட்டது மயில்.

"அருவிக்கரையில் உன் வயது மயில் ஒருவன் இருக்கிறான், தம்பி. இதெல்லாம் அவனுக்குச் சாதாரணம்."

மயிலுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும், "நாளைக்கும் கொண்டுவா" என்றது. பார்த்தால் பொறாமை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. இரை தேடுவதே மறந்துபோயிற்று. உடல் மெலிந்தது; இருந்த சின்ன இறகுகளும் உதிர ஆரம்பித்தன. அப்போதும் ஆத்திரமெல்லாம் அருவி மயில் மேல்தான்.

"அவன் தோகையைப் பிடுங்கி எறிந்தால்தான் என் மனம் ஆறும்" என்று கிளம்பியது.

அருவிக்கரையில், ஒரு புதருக்குள் எலும்பும் தோலுமாக ஒரு மயில் பதுங்கியிருந்தது. வால் மொட்டை. அதன் முன்னால் நீள நீளமாக இறகுகள்.

"அருவி மயில் நீதானா? உன் தோகை எங்கே?"

"எனக்கு ஏது தோகை? இவை பாறை ஓரத்து மயிலுடையவை. மைனா தினமும் கொண்டுவருகிறது. அவனை நினைத்தால் எனக்கு ஒரு புழுகூட இறங்குவதில்லை."

"அந்தப் பாறை மயில் நான்தான்" என்று இது திரும்பித் தன் வாலைக் காட்டியது.

இரண்டும் அந்த இறகுகளை ஒதுக்கித் தள்ளின. பிறகு சேர்ந்து மண்ணைக் கிளறத் தொடங்கின.

அப்போது மைனா புது இறகோடு வந்து இறங்கியது. நன்றாகக் கொழுத்திருந்தது. "இன்றைக்கு வந்திருப்பது எவ்வளவு நீளம், பாருங்கள்" என்றது.

பாறை மயிலின் கண் மெல்ல அந்தப் பக்கம் போயிற்று. அருவி மயில் ஒரு புழுவைப் பாறை மயிலின் காலடிக்குத் தள்ளிவிட்டது.

நீதி: நாம் எதைப் பார்த்து ஏங்குகிறோம் என்று தெரிந்துகொண்டு அதையே தினமும் காட்டுகிறவன், யார் வயிற்றை நிரப்புகிறான் என்று பார்.